ஒரே அம்பு, இரண்டு கணக்கு: கென்ஷின் இம்பாக்டில் எலிமென்ட் ஒட்டும் விதம்

கென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேமை ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே ஒரு சந்தேகம் வரும். ஆம்பர் என்ற கேரக்டர் வில்லை முழுசாக இழுத்து ஒரு தீ அம்பு விடுகிறாள். ஹிலிச்சர்ல் என்ற சாதாரண எதிரியின் உடம்பில் பட்டு 500 என்று டேமேஜ் எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (தலையில் பட்டால் க்ரிட், அதாவது கூடுதல் டேமேஜ் தரும் அடி, ஆகிவிடும், அதனால் உடம்பு.) அடுத்து அணியில் இருக்கும் கேயா வந்து அதே ஹிலிச்சர்ல் மேல் பனியை வீசுகிறான். ஆம்பர் மறுபடி அதே அம்பை விடுகிறாள். இப்போது 1000. லெவல் ஏறவில்லை, வில் மாறவில்லை, க்ரிட்டும் விழவில்லை. அந்த இன்னொரு 500 எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்த ஆட்டத்தின் பாதி புரிந்த மாதிரிதான். ஷாங்காய் நிறுவனமான மிஹோயோ 2020 செப்டம்பர் 28 அன்று இதை வெளியிட்டதிலிருந்து எத்தனையோ கேரக்டர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் சண்டையின் அடிப்படை விதி அப்படியேதான் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தீ, நீர், பனி என்பதை எல்லாம் அடியின் நிறம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிவப்பு எண், நீல எண், அவ்வளவுதான் என்று. உண்மையில் எலிமென்ட் என்பது எதிரி மேல் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருள். அதற்கு அளவு உண்டு, ஆயுள் உண்டு. இன்னொரு எலிமென்ட் வந்து பட்டால் அது செலவாகிப் போகும்.

மொத்தம் ஏழு எலிமென்ட்: பைரோ (தீ), ஹைட்ரோ (நீர்), க்ரையோ (பனி), எலக்ட்ரோ (மின்சாரம்), டென்ட்ரோ (தாவரம்), அனீமோ (காற்று), ஜியோ (பாறை). இதில் காற்றும் பாறையும் எதிரி மேல் ஒட்டாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதோடு மட்டும்தான் அவற்றுக்கு வேலை. மற்ற ஐந்தும் ஒட்டும். ஒட்டியிருப்பதை ஆட்டக்காரர்கள் ஆரா என்பார்கள். அதைப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். எதிரியின் ஹெல்த் பாருக்கு மேலே சின்ன ஐகான் தெரியும். தீ ஒட்டியிருந்தால் தீ ஐகான், ஈரமாக இருந்தால் நீர் ஐகான். ஆயுள் முடியப்போகும்போது அது மினுக்கும். சண்டையில் டேமேஜ் எண்ணைவிட அந்த ஐகானைப் பார்க்கப் பழகுங்கள்.

சரி, அந்த 1000. கேயாவின் பனி ஹிலிச்சர்ல் மேல் ஒட்டியிருந்தது. அதன் மேல் தீ பட்டதும் மெல்ட் என்ற ரியாக்‌ஷன் நடந்து, தீ அம்பின் டேமேஜ் 2 மடங்கானது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் எதை முதலில் கரைத்தாலும் அதே சிவப்புதான். இங்கே வரிசை மாறினால் கணக்கும் மாறும். முதலில் ஆம்பர் தீயை ஒட்டவைத்து, அதன் மேல் கேயாவின் பனி பட்டாலும் மெல்ட்தான், ஆனால் 1.5 மடங்குதான் கிடைக்கும். பெருகுவதும் கடைசியில் பட்ட அடி மட்டுமே. ஆம்பரின் தீ ஏற்கெனவே வாங்க வேண்டிய டேமேஜை வாங்கிவிட்டது, அது திரும்பப் பெருகாது.

நீரும் தீயும் சேர்ந்தால் வேப்பரைஸ். அதிலும் இதே கதைதான்: தீ ஒட்டியிருக்கும் எதிரி மேல் நீர் பட்டால் 2 மடங்கு, நீர் ஒட்டியிருக்கும் எதிரி மேல் தீ பட்டால் 1.5 மடங்கு. பனிக்கு எதிராகத் தீ பலம், தீக்கு எதிராக நீர் பலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதைப் படித்ததும், எப்போதும் 2 மடங்கு வருகிற வரிசையில்தான் அடிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூடியூபில் பாதி வீடியோக்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகின்றன. செலவுக் கணக்கையும் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

பெரும்பாலான அடிகள் 1 யூனிட் எலிமென்ட் தரும். சில ஸ்கில்கள் (கேரக்டரின் தனித் திறன்கள்) 2 யூனிட் தரும். ஒட்டும்போதே அதில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். 1 யூனிட் என்பது 0.8 ஆகி, யாரும் தொடாவிட்டால் 9.5 விநாடியில் கரைந்துபோகும். 2 யூனிட் என்பது 1.6 ஆகி 12 விநாடி இருக்கும். ரியாக்‌ஷன் நடக்கும்போது ஒட்டியிருப்பது எவ்வளவு செலவாகிறது என்பதில்தான் சூட்சுமம். 2 மடங்கு வரிசையில், வந்து பட்ட 1 யூனிட் தீ, ஒட்டியிருக்கும் பனியில் 2 யூனிட்டைத் தின்றுவிடும். எதிரி மேல் 1.6 பனி இருந்தால் ஒரே அம்பில் துடைத்தெடுத்த மாதிரி போய்விடும். அடுத்த அம்புக்கு ஒன்றும் மிச்சமில்லை, மறுபடி 500தான்.

வரிசையைத் திருப்பிப் பாருங்கள். எதிரி மேல் 1.6 தீ இருக்கிறது. வந்து படும் 1 யூனிட் பனி அதில் 0.5-ஐ மட்டும்தான் செலவழிக்கும். முதல் அடிக்குப் பிறகு 1.1, இரண்டாவதுக்குப் பிறகு 0.6, மூன்றாவதுக்குப் பிறகு 0.1. அந்த 0.1-க்கும் மதிப்பு உண்டு. நான்காவது அடியும் 1.5 மடங்கு வாங்கிக்கொண்டு போகும். நேரத்தோடு கரைவதைக் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் போக்கு இதுதான். ஆகவே ஒரே ஒரு பெரிய அடி அடிக்கும் கேரக்டர் என்றால் 2 மடங்கு வரிசை. கேயாவின் பர்ஸ்டில் (சக்தி சேர்ந்ததும் போடும் பெரிய தாக்குதலில்) சுற்றிச் சுற்றி வரும் பனிக்கட்டிகள் மாதிரி சின்னச் சின்னதாகப் பல அடி விழும் என்றால் 1.5 வரிசை பல நேரம் லாபம்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. ஒரே ஸ்கில்லின் எல்லா அடியும் எலிமென்ட்டை ஒட்டாது. பெரும்பாலான ஸ்கில்களுக்குப் பொதுவான விதி இது: ஒருமுறை ஒட்டிய பிறகு, 2.5 விநாடி ஆக வேண்டும், அல்லது மூன்று அடி கழிந்திருக்க வேண்டும். அதாவது படபடவென்று அடித்தால் 1-வது, 4-வது, 7-வது அடிகள் மட்டும் ஒட்டும். இடையில் விழும் அடிகளுக்கு நிறம் இருக்கும், டேமேஜ் இருக்கும், ரியாக்‌ஷன் இருக்காது. இதை ஐசிடி (இன்டர்னல் கூல்டவுன்) என்பார்கள். "இவ்வளவு வேகமாக அடிக்கிறேன், மூன்றில் ஒன்றுதான் பெரிய எண்ணாக வருகிறது" என்று புலம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான். கேரக்டருக்குக் கேரக்டர் விதிவிலக்கு உண்டு. இப்போதைக்கு அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதுவரை பார்த்த மெல்ட்டும் வேப்பரைஸும் இருக்கிற அடியைப் பெருக்குகின்றன. இன்னொரு வகை ரியாக்‌ஷன், அடியைத் தொடாமல் தனியாக ஒரு டேமேஜைக் கொண்டுவந்து கொட்டும். ஆட்டம் இலவசமாகக் கொடுக்கும் முதல் நால்வரை (டிராவலர், ஆம்பர், கேயா, லீசா) வைத்தே இவற்றில் மூன்றைப் பார்த்துவிடலாம்.

ஆம்பரின் தீயும் லீசாவின் மின்சாரமும் சேர்ந்தால் ஓவர்லோடட், ஒரு வெடி. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் சின்ன எதிரிகளைத் தூக்கி எறிந்துவிடும். வாளோடு நிற்கும் நீங்கள் அவர்கள் பின்னால் ஓட வேண்டும், மலைச்சரிவு என்றால் கீழே இறங்கியே தேட வேண்டும். இதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு எரிச்சல்தான். கேயாவின் பனியும் லீசாவின் மின்சாரமும் சேர்ந்தால் சூப்பர்கண்டக்ட். அது தரும் டேமேஜைவிட அதன் பக்கவிளைவுதான் முக்கியம்: எதிரியின் ஃபிசிக்கல் எதிர்ப்பு 12 விநாடிக்கு 40 சதவீதம் குறையும். வெறும் வாள் வீச்சு ஃபிசிக்கல் டேமேஜ் என்பதால், ஆரம்ப நாட்களில் கையில் நல்ல கேரக்டர் இல்லாதவர்களுக்கு இது கைகொடுக்கும். மூன்றாவது, டிராவலரின் காற்று. ஒட்டியிருக்கும் தீ, நீர், பனி, மின்சாரம் எதுவாக இருந்தாலும் காற்று அதை வாரிச் சுற்றியிருப்பவர்கள் மேலெல்லாம் இறைக்கும். பெயர் ஸ்வர்ல். ஒரு ஹிலிச்சர்ல் மேல் பனியை ஒட்டிவிட்டுக் காற்றை விட்டால் அக்கம்பக்கத்தில் நிற்கும் கும்பல் முழுவதற்கும் பனி ஒட்டிவிடும். அடுத்து ஆம்பர் பர்ஸ்ட் போட்டால் எல்லார் தலையிலும் மெல்ட். டென்ட்ரோவைக் காற்று வாராது. பாறையை வாரவும் வழியில்லை.

இந்த இரண்டாம் வகை டேமேஜ் எதைப் பொறுத்தது? அட்டாக்கைப் பொறுத்ததில்லை, ஆயுதத்தின் பலத்தையும் பொறுத்ததில்லை. ரியாக்‌ஷனைத் தூண்டிய கேரக்டரின் லெவலும், எலிமென்டல் மாஸ்டரி என்ற எண்ணும்தான் கணக்கு. எதிரியின் டிஃபென்ஸ்கூட இதில் குறுக்கே வராது, அவனுடைய எலிமென்ட் எதிர்ப்பு மட்டும் கழியும். தூண்டியது யார்? கடைசியாகப் பட்ட எலிமென்ட்டின் சொந்தக்காரர். லீசா மின்சாரத்தை ஒட்டி, ஆம்பர் தீயால் வெடிக்க வைத்தால் அந்த வெடிக்கு ஆம்பரின் லெவலும் ஆம்பரின் மாஸ்டரியும்தான்.

மாஸ்டரி இரண்டு வகைக்கும் உதவும், ஆனால் ஒரே மாதிரி உதவாது. 200 மாஸ்டரி இருந்தால் மெல்ட், வேப்பரைஸின் பெருக்கல் சுமார் 35 சதவீதம் கூடும். 2 மடங்கு என்பது ஏறக்குறைய 2.7 ஆகும். அதே 200, ஓவர்லோடட் மாதிரியான வெடிகளுக்கு சுமார் 145 சதவீதம் கூட்டும். அதனால்தான் மெல்ட் அடிக்கிறவர்கள் அட்டாக், க்ரிட், மாஸ்டரி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் சமன் பார்க்கிறார்கள். வெடி வைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆர்ட்டிஃபேக்டிலும் (கேரக்டருக்குப் பலம் கூட்ட மாட்டிவிடும் பொருள்கள்) மாஸ்டரியை ஏற்றுகிறார்கள்.

இதன் உச்சம் டென்ட்ரோவோடு வந்தது. 2022 ஆகஸ்டில் 3.0 பதிப்பில் சுமேரு பகுதி திறந்தபோதுதான் டென்ட்ரோ கேரக்டர்கள் ஆட்டக்காரர் கைக்கு வந்தார்கள். டென்ட்ரோவும் நீரும் சேர்ந்தால் ப்ளூம்: தரையில் பச்சையாக ஒரு விதை விழும். விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானே வெடிக்கும். அந்த விதை மேல் மின்சாரம் பட்டால் அது ஏவுகணை மாதிரி எழும்பி எதிரியைத் தேடிப் போய் அடிக்கும், இது ஹைப்பர்ப்ளூம். தீ பட்டால் அந்த இடத்திலேயே பெரிதாக வெடிக்கும், அது பர்ஜன். ஹைப்பர்ப்ளூமுக்குப் பெரும்பாலானோர் குக்கி ஷினோபுவைத்தான் போடுகிறார்கள். அவளைச் சுற்றி ஒரு மின் வளையம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு 1.5 விநாடிக்கும் மின்சாரம் பாயும், கூடவே உங்கள் ஹெல்த்தும் ஏறும். 90 லெவலில், மாஸ்டரி ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு ஹைப்பர்ப்ளூமின் அடிப்படை டேமேஜ் சுமார் 4,300. 200 மாஸ்டரி ஏற்றினால் 10,000-ஐத் தாண்டும். இரண்டிலும் எதிரியின் எதிர்ப்பு மட்டும் கழியும். அவளுடைய அட்டாக் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டியதில்லை. காசு போட்டு அரிய ஆயுதம் வாங்காதவர்களின் அணிகளில் இவள் அடிக்கடி தென்படுவதற்கு இதுதான் காரணம்.

டென்ட்ரோவும் மின்சாரமும் நேராகச் சேர்ந்தால் குவிக்கன். இது வெடிக்காது, அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கும். அதன் மேல் படும் மின்சார அடிக்கும் டென்ட்ரோ அடிக்கும் கூடுதல் டேமேஜ் கிடைக்கும். தீ, நீர், பனி, மின்சாரம் எது ஒட்டியிருந்தாலும் அதன் மேல் பாறை பட்டால் ஒரு படிகம் விழும், எடுத்தால் உங்களுக்குக் கேடயம். இவ்விரண்டையும் பற்றி ஆரம்பத்தில் இதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

பனியும் நீரும் சேர்ந்தால் உறைதல். எதிரி அசையாமல் நிற்பான். க்ளேமோர் மாதிரி கனமான ஆயுதத்தால் அடித்தால் பனி உடைந்து தனி டேமேஜ் வரும், ஆனால் அதோடு அவன் விடுதலையும் ஆகிவிடுவான். பெரிய பாஸ்கள் உறைவதில்லை என்பதால் இதை நம்பியே அணி கட்டினால் பிற்பாடு திண்டாட வேண்டியிருக்கும். ஆனால் உறைதலின் விதி எதிரிக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கே பொருந்தும். ஏரிக்கரையில் நின்று கேயாவின் ஸ்கில்லைத் தண்ணீர் மேல் அடித்துப் பாருங்கள். நடக்கிற அளவுக்கு ஒரு பனித்திட்டு உருவாகும். அந்த ஸ்கில்லுக்கு 6 விநாடிதான் காத்திருப்பு. திட்டு உருகுவதற்குள் அடுத்ததை அடித்து அடித்துப் படகில்லாமலே எதிர்க்கரைக்குப் போனவர்கள் ஏராளம்.

மழை பெய்தால் அங்கிருக்கும் எல்லாரும் ஈரம். அப்போது லீசாவை இறக்கினால், அணியில் ஹைட்ரோ கேரக்டரே இல்லாமல் எலக்ட்ரோ-சார்ஜ்டு கிடைக்கும். நீரும் மின்சாரமும் ஒன்றையொன்று உடனே அழித்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் கூடவே இருந்து, விட்டுவிட்டு ஷாக் அடிக்கும். பக்கத்தில் ஈரமாக நிற்பவனுக்கும் தாவும்.

எல்லாரும் என்றால் நீங்களும்தான். எதிரிக்குள்ள ஒட்டுதல் விதி அத்தனையும் உங்கள் கேரக்டருக்கும் உண்டு. புல்வெளியில் தீ அம்பு விட்டால் புல் பற்றிக்கொண்டு உங்கள் காலையும் சுடும். அணியில் சேரும் முதல் ஹீலர் பெரும்பாலும் பார்பரா. அவள் ஸ்கில் போட்டதும் பாட்டும் நீருமாக ஒரு வளையம் உங்களைச் சுற்றும், ஹெல்த் ஏறும். கூடவே உங்கள் மேல் நீரும் ஒட்டும். சாதாரணச் சண்டையில் இது தெரியவே தெரியாது. எதிரே பனி எறிகிறவன் நின்றால்தான் தெரியும்: ஒரு பனிக்கட்டி பட்டதும் நீங்கள் சிலை. ஸ்டிக்கையோ பட்டனையோ விடாமல் தட்டித்தான் வெளியே வர வேண்டும், அதற்குள் இரண்டு அடி விழுந்திருக்கும்.

இப்படிச் சிலையாக்குகிறவர்களில் புதியவர்களை அதிகம் படுத்துவது க்ரையோ அபிஸ் மேஜ். கொழுகொழுவென்று மிதந்துகொண்டு, சுற்றிலும் பனிக் கேடயத்தோடு வருவான். இவனிடம் பலரும் பெரிய வாளை எடுத்து வெட்டிக்கொண்டே இருப்பார்கள், கேடயம் மெள்ளத்தான் குறையும். அந்தக் கேடயம் ஹெல்த் மாதிரி இல்லை, அது ஒட்டியிருக்கும் எலிமென்ட்தான். உங்கள் அடியின் எண் 50-ஆ 5,000-ஆ என்பதைவிட, எந்த எலிமென்ட் எத்தனை யூனிட் பட்டது என்பதையே அது பார்க்கும். மேலே சொன்ன செலவுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: பனியைத் தீ இரட்டிப்பாகத் தின்னும். ஆகவே ஆயுதமே ஏற்றாத 20 லெவல் ஆம்பர்கூட, 60 லெவல் வாள்காரனைவிட இந்தக் கேடயத்தைச் சீக்கிரம் உரித்துவிடுவாள். ஹைட்ரோ மேஜ் என்றால் பனி, பைரோ மேஜ் என்றால் நீர். அவன் எலிமென்ட்டாலேயே அவனை அடிப்பது மட்டும் வீண்.

ஹெல்த் குறைந்திருந்தால் சண்டைக்கு முன்பே பார்பராவைப் பாட வைத்து, அந்த வளையம் அடங்கியதும் க்ரையோ மேஜிடம் போங்கள். நடுச்சண்டையில் அவளைக் கூப்பிடாதீர்கள். ஆம்பரின் பொம்மை முயலைப் பக்கத்தில் எறிந்துவிட்டுத் தள்ளி நின்று அம்பு விடுங்கள். கேடயம் போனதும் அவன் தரையில் விழுந்து கொஞ்ச நேரம் எழ முடியாமல் கிடப்பான். வாள்காரனை அப்போது இறக்குங்கள். எழுந்து மறுபடி கேடயம் கட்டத் தொடங்கினான் என்றால் மறுபடி ஆம்பர்.